அம்பு பார்த்த பக்கம்

மே 3, சனி

இந்த நோட்டில் நடந்ததை நடந்தபடியே எழுதப்போகிறேன். யாருக்காகவும் கூட்டவோ குறைக்கவோ மாட்டேன். கோபம் வந்தால் கோபம் என்றே எழுதுவேன். தப்புச் செய்தவர் பெரியவர் என்பதற்காக மறைக்க மாட்டேன். இப்படிக்கு, ஒன்பதாம் வகுப்பு முடித்த ஈ. தாரணி.

முதல் நாளே கோபம்தான். காலையில் அப்பா அம்மாவின் கீரைப் பாத்தியைக் கொத்திப் போட்டுவிட்டார். கறிவேப்பிலைச் செடியையும் வேரோடு பிடுங்கிவிட்டார். அங்கே புல்தரை வரப்போகிறதாம். சுற்றிச் சுற்றித் தண்ணீர் தெளிக்கும் ஸ்பிரிங்க்ளர் வரப்போகிறதாம். கம்பெனி விருந்தினர் விடுதியில் அப்பா அதைப் பார்த்திருக்கிறார்.

"கீர கடையில கெடைக்கும். புல்லு கெடைக்குமா?" என்றார்.

அம்மா கறிவேப்பிலையை எடுத்துப் பழைய பெயிண்ட் வாளியில் நட்டாள்.

அப்பா ஒரு பம்பு கம்பெனியில் தரம் பார்ப்பவர். அவர் கையெழுத்துப் போட்டால்தான் பம்பு வெளியே போகும். இப்போது ஒரு மாதம் லீவு என்கிறார். திங்கட்கிழமை கம்பெனி பஸ் வாசலில் நின்று ஹாரன் அடித்தது. அப்பா வெளியே போகவில்லை. செவ்வாயிலிருந்து பஸ் நிற்காமலே போகிறது.

அம்மா நூல் மில் ஆபீசில் பன்னிரண்டு பேருக்குக் கேரியரில் மதியச் சாப்பாடு அனுப்புகிறாள். மில்லில் கேன்டீன் நடத்த ஆள் தேடுகிறார்கள். இருபத்தாறாம் தேதி மேனேஜர் சுகந்தி மேடமும் மற்றவர்களுமாக முப்பது பேர் அம்மாவின் சமையலைச் சாப்பிட்டுப் பார்த்து முடிவு சொல்வார்கள். காலண்டரில் அந்தத் தேதியைச் சுற்றி அம்மா வட்டம் போட்டிருக்கிறாள். பேனாவால் அல்ல, மஞ்சளால்.

மே 4, ஞாயிறு

நூலகத்தின் கோடை வாசிப்பு முகாமுக்கு நான் பெயர் கொடுத்திருந்தேன். போகக் கூடாதாம். "நீ சீட்டப் படிச்சுச் சொல்லு, நான் ஒட்டறேன். நம்ம வேல நம்ம செய்யோணும் கண்ணு" என்கிறார் அப்பா. ஹார்டுவேர் கடைக்காரர், "ஒருக்கா ப்ளம்பரக் கூட்டியாந்து காட்டிருங்ணா" என்றதற்கு அப்பாவுக்கு மூக்கு சிவந்துவிட்டது.

"பம்பு ஆளுக்கே ப்ளம்பரா?"

சாமான்களோடு வந்த செய்முறைச் சீட்டு முழுதும் ஆங்கிலம். பொடி எழுத்து. அப்பா அதைக் கையை நீட்டித் தூரத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு என்னிடம் தந்தார். கண்ணாடி போடுங்கள் என்று அம்மா இரண்டு வருஷமாகச் சொல்லுகிறாள். "எனக்கென்ன கெழடா தட்டிருச்சு?" என்பதுதான் எப்போதும் பதில்.

எங்கள் வீட்டில் இரண்டு தண்ணீர். பத்து நாளைக்கு ஒருமுறை குழாயில் வருவது நல்ல தண்ணி. அது நிலத்தடித் தொட்டியில் விழுந்து, ஒரு சின்ன மோட்டாரால் மாடியில் இருக்கும் சிறிய தொட்டிக்கு ஏறி, அங்கிருந்து சமையலறைக்கு வரும். போர்வெல்லில் வருவது உப்புத் தண்ணி. குளிக்க, துவைக்க. புல்லுக்கும் அதுதான். ஆனால் கோடையில் போர் வற்றினால் நல்ல தண்ணீரையும் புல்லுக்கு விட ஒரு வழி வேண்டும் என்று அப்பா இரண்டு பைப்பையும் ஓர் இடத்தில் சேர்க்கிறார். உப்புத் தண்ணி நல்ல தண்ணிக்குள் போய்விடாதா என்று கேட்டேன். அதற்குத்தான் நடுவில் ஒருவழி வால்வு. ஒரு பக்கம் மட்டும் விடும், மறுபக்கம் அடைத்துக்கொள்ளும். நல்ல யோசனைதான். கோபத்தோடுதான் ஒத்துக்கொள்கிறேன்.

மே 6, செவ்வாய்

நாள் முழுதும் குழி. கையில் நான்கு கொப்புளம்.

மே 7, புதன்

இன்று பைப்பு ஒட்டினோம். ஹேக்ஸா பிளேடால் அறுத்து, முனையைத் தேய்த்து, சொல்யூஷன் பசை தடவி, செருகிக் கால் வட்டம் திருப்பிப் பிடிக்க வேண்டும். அரை நிமிஷத்தில் கல்லாகிவிடும். பிறகு பிரிக்க முடியாது, அறுக்கத்தான் முடியும்.

ஸ்பிரிங்க்ளர் தலைகளை மாட்டும் முன் பைப்பில் தண்ணீர் விட்டுத் தூளெல்லாம் வெளியே தள்ள வேண்டும் என்று சீட்டில் இருக்கிறது. சொன்னேன். "அதெல்லாம் சும்மா எழுதறது" என்றார். மாட்டிவிட்டார்.

கடைசியில் வால்வு. அப்பா குழிக்குள், வால்வு என் கையில். அதன் உடம்பில் கறுப்பு மேல் கறுப்பாக ஓர் அம்புக்குறி.

"அம்பு எந்தப் பக்கம் இருக்கோணும்? சீட்டப் பாத்துச் சொல்லு. சீக்கிரம் அம்மிணி, காயுது காயுது!"

பார்த்துச் சொன்னேன். ஒட்டினார்.

மே 8, வியாழன்

வெள்ளோட்டம். போர் மோட்டாரைப் போட்டதும் ஆறு தலையில் இரண்டுதான் சுற்றின. மற்ற நான்கிலும் மண்ணும் பைப்புத் தூளும் அடைத்துக்கொண்டன. நான் சொன்னது! சீட்டில் இருந்தது! எல்லாவற்றையும் கழற்றி ஊசியால் குத்தி மாட்ட மதியம் ஆகிவிட்டது. "படிச்ச புள்ள சொன்னாக் கேக்கோணும்" என்று அம்மா சமையலறை ஜன்னலில் இருந்து சொன்னாள். எனக்குப் பெருமையாக இருந்தது. எழுதுகிறேன் என்று சொன்னதால் எழுதுகிறேன்.

பிறகு ஆறும் சுற்றின. அப்பா நனைந்துகொண்டே நடுவில் நின்றார். லீவு தொடங்கிய பிறகு அவர் சிரித்து இன்றுதான் பார்த்தேன்.

நல்ல தண்ணி மோட்டாரைப் போட்டுப் பார்த்தால் ஒரு தலைகூட அசையவில்லை. "மோட்டார் வீக்கு. அடுத்த கோடைக்குள்ள மாத்திக்கலாம்" என்றார்.

மே 11, ஞாயிறு

மாடியில் நல்ல தண்ணித் தொட்டி வழிந்து சுவரெல்லாம் ஈரம். அப்பா அம்மாவைப் பார்த்துக் கத்தினார்.

"மோட்டாரப் போட்டுட்டு எங்க வேடிக்க பாத்துட்டிருந்த?"

"நா இன்னிக்கு மோட்டாரே போடலீங்க."

"அப்பத் தண்ணி தானா ஏறுச்சா?"

அம்மா இன்னொன்றும் சொன்னாள். சமையல் தண்ணீர் ருசி மாறியிருக்கிறதாம். அணையில் தண்ணீர் குறைந்தால் அப்படித்தான் இருக்கும் என்றார் அப்பா. எனக்கு ஒன்றும் தெரியவில்லை. நாங்கள் குடிப்பது சீரகம் போட்டுக் கொதிக்கவைத்த தண்ணீர். அதில் சீரகம்தான் தெரியும்.

முகாமில் இன்று கதை எழுதும் பயிற்சி. நான் வெள்ளிக்கிழமை வாங்கிவந்து பதித்த புல்லுக்கு நடுவில் களை பிடுங்கினேன்.

மே 14, புதன்

கேரியர்களில் பருப்பு அப்படியே திரும்பி வந்தது. ஆட்டோ மாணிக்கண்ணன் இறக்கிவைக்கும்போது தலையைச் சொறிந்தார்.

"தப்பா எடுத்துக்காதீங்கக்கா. பருப்புல கல்லுக் கெடக்குதான்னு கேக்கறாங்க."

கல் இல்லை. பருப்பேதான். ஆறு விசில் விட்டும் வேகவில்லை. தொட்டுப் பார்த்தேன், விரலுக்கு நடுவில் வழுக்கிக்கொண்டு ஓடுகிறது.

மே 16, வெள்ளி

இன்றும் பருப்பு திரும்பி வந்தது. மூன்று பேர் சாப்பாட்டை நிறுத்திவிட்டார்கள்.

மே 18, ஞாயிறு

அம்மா பருப்புக் கடையை மாற்றிவிட்டாள். குக்கருக்குப் புது கேஸ்கட் வாங்கினாள். முதல் நாளே ஊறவைத்தாள். கொஞ்சம் எண்ணெய் விட்டுப் பார்த்தாள். டீயும் கறுத்துப்போய் ஆடை கட்டுகிறது.

சாப்பிடும்போது அப்பா பருப்பை விரலால் நசுக்கிக் காட்டினார். "இருவது வருசமாச் சமைக்கறவ. இதென்ன, வாத்துக்குப் போடற தீனியா?"

"தண்ணிதாங்க ஏதோ ஆயிருக்குது. நா சொன்னா நீங்க கேக்கறதில்ல."

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்."

அம்மா தட்டை வைத்துவிட்டு எழுந்து போனாள். எனக்குக் காது சூடாகிவிட்டது. அப்பாவைப் பார்த்து ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. சோறு பிசைந்துகொண்டிருந்தேன். ஆனால் இந்த வீட்டில் அம்மா பட்ட சொல்லுக்குக் காரணம் எதுவாக இருந்தாலும் நான் கண்டுபிடிப்பேன். அந்தத் தப்பைச் செய்தது யார் என்று இங்கே பெரிய எழுத்தில் எழுதுவேன்.

புல் நுனி மஞ்சளாகிறது. தலைகளைச் சுற்றி வெள்ளை வெள்ளையாக உப்புப் பூத்திருக்கிறது. அப்பா அதைத் துணியால் துடைத்துக்கொண்டே இருக்கிறார்.

மே 21, புதன்

கண்டுபிடித்துவிட்டேன்!

அறிவியல் புத்தகத்தில் கடினநீர்ப் பாடம் இருக்கிறது. கடினநீரில் சோப்பு நுரைக்காது, பருப்பு வேகாது. மூன்று பாட்டில் எடுத்தேன். ஒன்றில் நிலத்தடித் தொட்டித் தண்ணீர், ஒன்றில் போர்த் தண்ணீர், ஒன்றில் சமையலறைக் குழாய்த் தண்ணீர். மூன்றிலும் ஒரே அளவு சோப்புச் சீவல் போட்டு நூறு முறை குலுக்கினேன். அம்மா ஜன்னலில் இருந்து வேடிக்கை பார்த்தாள். நிலத்தடித் தண்ணீர் கழுத்துவரை நுரைத்தது. போர்த் தண்ணீரில் தயிர் போலத் திரிதிரியாக மிதந்தது. சமையலறைத் தண்ணீரிலும் அதே திரி!

கீழே நல்லதாக இருக்கும் தண்ணீர் மேலே போனதும் உப்பாவது எப்படி? அப்பா ஸ்பிரிங்க்ளரைப் போட்டபோது மாடிக்கு ஓடினேன். நல்ல தண்ணி மோட்டார் ஓடவில்லை. ஆனால் தொட்டிக்குள் பைப்பிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டிருக்கிறது! நாக்கில் வைத்துப் பார்த்தேன். உப்பு. அப்பா ஒவ்வொரு நாளும் புல்லுக்குத் தெளித்த நேரமெல்லாம் அம்மாவின் சமையல் தண்ணீரில் போர்த் தண்ணீரைக் கலந்துகொண்டிருந்தார்! தொட்டி வழிந்ததும் அதனால்தான். அம்மா மோட்டார் போடவில்லை என்றது நிஜம். எல்லாம் நிஜம்.

வால்வு வேலை செய்யவில்லை என்று புரிந்தது. குழி மண்ணை விலக்கிப் பைப்பைத் தண்ணீர் விட்டுக் கழுவினேன். அம்பு வீட்டைப் பார்த்திருக்கிறது. புல்லைப் பார்த்திருக்க வேண்டும். தண்ணீர் அம்பு போகும் பக்கம்தான் போகும். தலைகீழாக ஒட்டியிருக்கிறது. அப்பா தலைகீழாக ஒட்டியிருக்கிறார். தரம் பார்ப்பவராம்! இருபது வருஷம் அம்பு பார்த்தவராம்!

சாயங்காலம் அப்பா கடையிலிருந்து வந்ததும் அம்மாவை வைத்துக்கொண்டே சொல்லப்போகிறேன். மூஞ்சியைப் பார்க்க வேண்டும். வால்வை ஒட்டிய அன்றைக்கு என்ன நடந்தது என்று சரியாகச் சொல்ல வேண்டும் என்பதற்காக ஏழாம் தேதியை எடுத்துப் படித்துப் பார்க்கி—

மே 22, வியாழன்

விசேஷம் ஒன்றுமில்லை.

மே 23, வெள்ளி

வெயில். ஒட்டியது அப்பாதான். அவர்தான் பெரியவர். குழந்தைகள் சொன்னதைப் பெரியவர்கள் சரிபார்க்க வேண்டும்.

மே 26, திங்கள்

எல்லாவற்றையும் எழுதுகிறேன்.

விடிவதற்குள் எழுந்து நிலத்தடித் தொட்டியிலிருந்து வாளியால் மொண்டு அம்மாவின் சமையல் அண்டாவை நிரப்பிவைத்தேன். யாரிடமும் எதையும் சொல்லாமலே பருப்பு வெந்துவிடும் என்று நினைத்தேன். குளிக்கப் போய்விட்டு வந்தேன். அண்டா காலி. அதில் குழாய்த் தண்ணீர் விழுந்துகொண்டிருக்கிறது.

"அம்மா, அண்டாத் தண்ணி?"

"மூடாமக் கெடந்துச்சு கண்ணு. பல்லி கில்லி விழுந்திருந்தா? மேடம் சாப்பிடறது. கறிவேப்பிலைக்கு ஊத்திட்டேன்."

அப்போதே சொல்லியிருக்கலாம். அம்மா அடுப்பில் அண்டாவை ஏற்றிக்கொண்டிருந்தாள். வாய் திறந்தேன். "சரிங்ம்மா" என்றுதான் வந்தது.

இரண்டு மணிக்கு மாணிக்கண்ணன் வந்தார். ஆட்டோவை அணைக்கவே இல்லை. "ரசமும் பொரியலும் அருமைன்னாங்கக்கா. ஆனா சாம்பார் பல்லுல கடிபடுதாம். முப்பது பேருக்கே வேகலைன்னா முந்நூறு பேருக்கு எப்படின்னு மேடம் கேக்கறாங்க. வேற ஆளப் பாக்கறாங்களாட்ட இருக்குது."

அம்மா கேரியர்களை ஒவ்வொன்றாக வாங்கி வரிசையாக வைத்தாள். மூடிகளைக்கூடத் திறக்கவில்லை.

அப்பா புல்லில் இருந்தபடியே சொன்னார். "நா அப்பவே சொன்னேன். ஊருக்குப் பொங்கறதெல்லாம் உனக்கு எதுக்கு?"

"தண்ணிதானுங்ப்பா!" என்று நான் கத்தினேன். தொண்டை கிழிந்துவிட்டது. "நீங்க வால்வத் தலகீழா ஒட்டிட்டீங்க! உப்புத் தண்ணி பூரா அம்மா தொட்டிக்குப் போகுது! நீங்கதான்! அம்மா இல்ல, நீங்கதான்!"

அப்பா குழிக்குப் போய் மண்ணை ஒதுக்கினார். பைப்பைப் பிடித்துக்கொண்டு தலையைப் பின்னால் இழுத்தார், இன்னும் இழுத்தார். அம்மா அரிசி பொறுக்கும்போது போடும் கண்ணாடியைக் கழற்றி நீட்டினாள். அப்பா முதல் தடவையாக அதை வாங்கிப் போட்டுக்கொண்டார். வெகுநேரம் பார்த்தார்.

"வீட்டுப் பக்கம்னு நீதான சொன்ன?" என்றார். கத்தவில்லை. நிஜமாகவே கேட்டார்.

அதுதான் நடந்தது. ஏழாம் தேதி "பார்த்துச் சொன்னேன்" என்று எழுதியிருக்கிறேன். பார்க்கவில்லை. சீட்டு சேற்றில் விழுந்து அந்த மூலை ஊறிப்போயிருந்தது. படிக்க முடியவில்லை என்று சொல்லக் கூச்சமாக இருந்தது, நான்தான் படிக்கிற பிள்ளை ஆயிற்றே. வால்வு வீட்டைக் காப்பாற்றுவது, அதனால் அம்பு வீட்டைக் காட்டும் என்று நினைத்தேன். "வீட்டுப் பக்கம்ப்பா, போட்டிருக்கு" என்றேன். போட்டிருக்கவில்லை.

"எப்பத் தெரியும் உனக்கு?" அம்மா கேட்டாள்.

"புதன்கெழம."

"அஞ்சு நாளா?"

தலையாட்டினேன். அம்மா எங்கள் இருவரையும் பார்த்தாள். நான் எதிர்பார்த்த அழுகை இல்லை.

"தண்ணி ருசி மாறிப்போச்சுன்னு நா என்னிக்குச் சொன்னேன்? தேதி சொல்லு. எல்லாத்தையும் எழுதறவதான நீ?"

"பதினொன்னு."

"பதினொன்னு. ரெண்டு வாரமா உங்க ரெண்டு பேத்துல ஒருத்தராச்சும் அந்தக் கொழாயத் தொறந்து ஒரு வாய் குடிச்சுப் பாத்தீங்களா? உங்களுக்கு அணை சொல்லோணும். உனக்குச் சோப்பு சொல்லோணும். நா சொன்னா அது சொல்லில்ல. என்னமோ சொன்னீங்களே, கூடம் கோணல்னு? இப்பத் தெரியுதுங்களா கூடம்?"

அப்பா கண்ணாடியைக் கழற்றவில்லை. குழி ஓரத்திலேயே உட்கார்ந்துவிட்டார். "கம்பெனிலயும் இதேதான்" என்றார். "கீழ இருக்கறவன் அளவு சரின்னான். கையெழுத்துப் போட்டுட்டேன். எழுத்துத் தெரியல எனக்கு. நானூறு பம்பு திரும்பி வந்திருச்சு. லீவு இல்ல சாந்தாமணி. வெளிய அனுப்பிட்டாங்க."

"பஸ்ஸு நிக்காமப் போனன்னிக்கே தெரியுமுங்க" என்றாள் அம்மா. "நீங்களாச் சொல்லுவீங்கன்னு பாத்துட்டிருந்தேன்."

மே 27, செவ்வாய்

காலையில் அம்மாவே ஹேக்ஸா பிளேடை எடுத்தாள். அப்பா கை நீட்டினார். தரவில்லை. "எங்க அறுக்கோணும்னு மட்டும் சொல்லுங்க."

"ரெண்டு பக்கமும் நாலு வெரல் விட்டு."

அம்மா அறுத்தாள். வெள்ளைத் தூள் புடவையெல்லாம். வால்வு கையோடு வந்தது. இரண்டு முனையிலும் மூடி ஒட்டும்போது அப்பா கண்ணாடியைக் கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டார். இனி போர்த் தண்ணி தனி, நல்ல தண்ணி தனி. நான் மாடித் தொட்டியைக் காலி செய்து நான்கு முறை கழுவினேன். யாரும் சொல்லவில்லை.

மதியம் பருப்பு மூன்று விசிலில் வெந்தது. மத்து வைக்கவே வேண்டியிருக்கவில்லை. அம்மா மூவருக்கும் பரிமாறினாள். யாரும் நன்றாக இருக்கிறது என்று சொல்லவில்லை, சொல்லும் தைரியம் வரவில்லை.

எனக்கு இன்னும் கோபம் போகவில்லை. தப்பைச் செய்தது யார் என்று இந்த நோட்டில் பெரிய எழுத்தில் எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். தாரணி.

இரவு படுக்கும் முன் அம்மா வந்தாள். "நாளைக்கு மில்லுக்குப் போறேன். பருப்பும் தண்ணியும் நானே கொண்டுபோயி மேடத்துக்கு முன்னால வேகவெச்சுக் காட்டப்போறேன். எடுக்கறதும் விடறதும் அவங்க இஷ்டம். நீயும் வா."

"எதுக்குங்ம்மா?"

"பருப்பு ஏன் வேகலைன்னு கேப்பாங்க. நா சொன்னாச் சாக்குன்னு நெனப்பாங்க. தேதி போட்டு எழுதி வெச்சிருக்கியே, அந்த நோட்டக் கொண்டா. ஏழாந் தேதியிலிருந்து படி. ஒண்ணு விடாம."

"ஒண்ணு விடாமலா?"

"நேத்து எழுதுனதையும் சேத்துத்தான்."

சுகந்தி மேடம் முன்னால், ஆபீஸ்காரர்கள் முன்னால், நான் படிக்க வேண்டும். இரண்டு பக்கத்தைக் கிழித்துவிடலாமா என்று விரலால் ஓரத்தைத் தடவிப் பார்த்தேன். கிழிக்கவில்லை. படிப்பேன். ஒன்று விடாமல் படிப்பேன். இன்னும் ஐந்து நிமிஷம் எழுதிக்கொள்கிறேன் என்று கேட்டேன்.

"எழுதுனது போதும். மிச்சத்த நாளைக்கு வாயால சொல்லு."

அம்மா விளக்கை அணைத்துவிட்டாள். இந்த வரியை இருட்டில் எழுதுகிறேன்.